ஆண் கழுதைகள் ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன, என்ன செய்வது?

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி, ஒரு கிடங்கின் பின்சுவருக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே 40க்கு 20 அடி மனை. அதில் மூன்று ஆண் கழுதைகள். பெரியவனுக்கு 7 வயது, நடுவனுக்கு 3, சின்னவனுக்கு ஒன்றரை. மூலையில் ஒரு பெட்டைக் கழுதையும் அதன் 3 மாதப் பால்குடிக் குட்டியும். அந்தப் பெட்டையைத்தான் உங்கள் பாட்டி காலையில் பால் விற்க ஓட்டிப் போகிறார். இரண்டு மாதமாகப் பெரியவன் நடுவனைக் கழுத்திலும் முன்னங்காலிலும் கடித்துக் குதறுகிறான். ராத்திரிச் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டாரின் புகார் வேறு. மாமா பெரியவனை விற்றுவிடச் சொல்கிறார். எதிர்வீட்டுப் பெரியவர் முன்னங்காலுக்குத் தளை போடச் சொல்கிறார். காயடித்துவிடலாமா என்றால் பாட்டிக்கு அது பாவமாகப் படுகிறது. இந்த மூன்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்க வேண்டாம். தளை கூடவே கூடாது. மூன்றுக்கும் காயடியுங்கள். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனையில் தோற்றவன் ஓடி ஒதுங்க ஓர் இடம் இல்லாதவரை சண்டை ஓயாது. நான் பல வருஷம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன், பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. வடசென்னையில் நான் பார்த்த கழுதைச் சண்டைகளில் முக்கால்வாசி இடச் சண்டைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கழுதையைக் குதிரையோடு சேர்த்துப் பார்ப்பதில்தான் முதல் தப்பு நடக்கிறது. குதிரைக் கூட்டத்தில் ஓர் ஆண் குதிரை தன் பெட்டைகளைச் சேர்த்துக்கொண்டே திரியும். கழுதையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதை வாழ்வது சோமாலியா, எத்தியோப்பியா, எரித்ரியா பக்கத்து வறண்ட பூமியில். அங்கே புல் ஒரே இடத்தில் நிறைய முளைக்காது, தண்ணீரும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அதனால் பெரிய கூட்டமாகச் சேர்ந்து வாழ முடியாது. பலமான ஆண் என்ன செய்யும் என்றால், தண்ணீர் இருக்கிற பக்கமாகப் பார்த்து ஓர் எல்லையைப் பிடித்துக்கொள்ளும். சின்ன எல்லை இல்லை, பல சதுர கிலோமீட்டர். அங்கங்கே சாணம் குவித்து அடையாளம் வைக்கும். பெட்டைகள் வரும், மேயும், போகும். வேறு ஆண்கள் வந்தாலும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, பக்கத்திலேயே மேயவும் விடும். பருவத்துக்கு வந்த பெட்டையை அவன் நெருங்கினால்தான் அடி. அடிபட்டவன் ஓடுவான், கொஞ்ச தூரம் துரத்திவிட்டு எல்லைக்காரன் திரும்பிவிடுவான். அத்தோடு கதை முடிந்தது.

உங்கள் மனையில் அது எப்படி முடியும்? 40 அடியை ஒரு கழுதை நாலே பாய்ச்சலில் கடந்துவிடும். அப்புறம் கிடங்குச் சுவர். ஓடுகிறவன் சுவரில் முட்டி நிற்பான், துரத்துகிறவன் கண்ணுக்கு அவன் ஓடவில்லை, எதிர்த்து நிற்கிறான். ‘விலகிப் போகிறேன்’ என்று காட்ட வழியே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டவனைத்தான் பெரியவன் மறுபடி மறுபடி கடிக்கிறான். அவனைப் பொல்லாதவன் என்று உங்கள் வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் பிறவிக் குணத்துக்கு இந்த இடம் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, நீங்களே எழுதியிருக்கிற இரண்டு தகவல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குட்டி பிறந்து 3 மாதம். சண்டை தொடங்கி 2 மாதம். பெட்டைக் கழுதை குட்டி ஈன்ற இரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி பருவத்துக்கு வந்துவிடலாம். பிறகு சுமார் மூன்றரை வாரத்துக்கு ஒரு முறை வரும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு வாரம் நீடிக்கும். நம் ஊரில் வருஷம் முழுக்கவே இந்தச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும். பருவத்தில் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்வது சுலபம். ஆணைக் கண்டதும் காதைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடி எதையோ மெல்லுவதுபோல் செய்வாள். வாலைத் தூக்குவாள், அடிக்கடி மூத்திரம் விடுவாள். அந்த ஈரத்தை முகர்ந்துவிட்டுப் பெரியவன் தலையை வானத்துக்குத் தூக்கி மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டுவதை நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். சிரிக்கிறான் என்று பிள்ளைகள் சொல்லும். அவன் வாசனை பார்க்கிறான்.

வீட்டில் தினசரி காலண்டர் இருக்குமே, அதில் சண்டை நடந்த நாளிலெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு சுற்று போனால் புள்ளிகள் எல்லாம் சேர்ந்தாற்போல் விழும் நாட்கள் தெரிந்துவிடும். அந்த ஒரு வாரமாவது பெட்டையையும் குட்டியையும் வேறு இடத்தில் கட்ட முடிந்தால் பாதிச் சண்டை குறையும். உறவுக்காரர் வீடு, தெரிந்தவர் கொட்டகை, எதுவானாலும் சரி. கண்ணுக்கு மறைத்தால் மட்டும் போதாது, காற்று வாக்கில் வாசனை வரும். நாலு தெரு தாண்டியாவது இருக்க வேண்டும். குட்டியைப் பிரித்துவிடாதீர்கள், குட்டி பக்கத்தில் இருந்தால்தான் அவள் பால் சுரப்பாள். அது பாட்டிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று, அவள் ஏற்கெனவே சினையாகிவிட்டாளா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சினை பிடித்திருந்தால் இந்தச் சுற்று நின்றுவிடும், உங்கள் கணக்கே மாறும்.

ஒன்றரை வயதுச் சின்னவனைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை போலிருக்கிறது. அவனும் ஆண்தான், அந்த வயதில் சினைப்படுத்தவும் முடியும். அந்தப் பெட்டை அவனுடைய தாய் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது.

சரி, எல்லாக் கடியும் சண்டையா? இல்லை. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நல்ல ஜோடியைப் பிரித்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆண் கழுதைகளுக்கு விளையாட்டே முரட்டு விளையாட்டுதான். கழுத்தோடு கழுத்து கோத்துத் தள்ளும், முன்னங்காலைக் கடிக்கும், பின்னங்காலில் எழும்பி நிற்கும். பார்க்கிறவருக்கு வயிறு கலங்கும். ஆனால் கவனித்தால் அதில் முறை வைத்து நடப்பது தெரியும். இவன் துரத்துவான், ஒரு நிமிஷத்தில் அவன் துரத்துவான். நடுவில் நிறுத்திவிட்டு இரண்டும் ஒரே இடத்தில் வைக்கோல் பொறுக்கும். துரத்தப்பட்டவனே திரும்பி வந்து மூக்கால் இடித்து ‘வா’ என்று கூப்பிடுவான்.

நிஜச் சண்டையில் அந்த முறை கிடையாது. காது இரண்டும் பிடரியோடு ஒட்டிப்போயிருக்கும். தலை தரையை ஒட்டித் தாழ்ந்து பாம்புபோல் நீளும். பிடித்தால் விடாது. கடித்த இடத்திலேயே பல்லை இறுக்கி வைத்துக்கொண்டு உலுக்கும். குறி வைப்பதும் தொண்டை, முழங்கால், விதை. தன் விதையைக் காப்பாற்றிக்கொள்ள மற்றவன் பின்பக்கத்தைத் தரையில் அழுத்தி உட்கார்ந்துவிடுவான். கழுதை நாய்போல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தீர்களானால் அது விளையாட்டு இல்லை. சத்தமில்லாத இன்னொரு வகையும் உண்டு. அடிபட்டவன் தண்ணீர்த் தொட்டி பக்கம் போவதில்லை, மற்றது தின்று முடிக்கும்வரை சுவரைப் பார்த்து நிற்கிறான் என்றால், கடி ஒன்றுகூட விழாவிட்டாலும் அவன் நிலைமை மோசம். நீங்கள் எழுதியதில் ‘நடுவன் ரெண்டு நாளா சரியா திங்கலை’ என்ற வரிதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. கழுதை வலியை வெளியே காட்டாது. மாடாக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டும், இது சும்மா நிற்கும். கழுதை பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கலக்கும், ஈரலும் சிறுநீரகமும் அதைத் தாங்காது. பயம், பிரிவு, வலி எதனால் தீனியை விட்டாலும் இது வரும், உயிருக்கே ஆபத்து. அதனால் கழுதை ஒரு நாள் தீனி எடுக்கவில்லை என்றால் மறுநாள்வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

இப்போது தளை விஷயம். எதிர்வீட்டுப் பெரியவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், பழைய வழக்கமும் அதுதான். ஆனால் முன்னங்காலைத் தளைத்தவன் ஓடவும் முடியாது, திரும்பி உதைக்கவும் முடியாது. ஒருமுறை வியாசர்பாடி பக்கம் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். இரண்டு ஆண் கழுதைகள். ஒன்றை முளையடித்துக் குட்டைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள், மற்றது ராத்திரியில் தன் கயிற்றை அறுத்துக்கொண்டது. நான் போனபோது கட்டியிருந்தவன் முளையைச் சுற்றிச் சுற்றி ஓடியதில் கயிறு முழுக்கச் சுருண்டு, தாடை முளையோடு ஒட்டி நின்றான். தரையில் அவன் குளம்பு பட்டு அழுந்திய வட்டம் செக்குத் தடம்போல் அப்படியே தெரிந்தது. வலது முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தோல் உறைபோல் உரிந்து கீழே இறங்கியிருந்தது. கயிற்றை அறுத்ததும் அவன் எங்கேயும் போகவில்லை, அதே இடத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது இது: கட்டினால் எல்லாவற்றையும் கட்டுங்கள், ஒன்றின் கயிறு இன்னொன்றுக்கு எட்டாத தூரத்தில் கட்டுங்கள். அவிழ்த்தால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுங்கள். ஒன்று கட்டி, ஒன்று விட்டு வைப்பது கூடாது.

பழைய காலத்தில் இவ்வளவு சண்டை இல்லையே என்று பாட்டி சொல்வாராயிருக்கும். சொன்னால் அது நிஜம். கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுக்க வந்து குடியேறியவர்களால்தான் வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோதும் பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் அழுக்கு மூட்டை ஏற்றிய கழுதைகள் காலையில் வரிசையாகப் போகும். ஆண் கழுதைகளும் அதில் இருந்தன. ஆனால் பகல் முழுக்க உழைப்பு. சாயங்காலம் பொதியை இறக்கியதும் அவிழ்த்துவிட்டுவிடுவார்கள். பக்கிங்காம் கால்வாய்க் கரை, ரயில்வே புறம்போக்கு என்று இஷ்டத்துக்கு மேயும். சண்டை வந்தாலும் தோற்றவன் அரை மைல் தள்ளிப் போய் நிற்பான். காலையில் தேடிப் போகிறவர்கள் இடிந்த சுவர்களாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். ‘கழுதை கெட்டால் குட்டிச்சுவர்’ என்று சும்மா சொல்லவில்லை. ஒரு பக்கம் மறைப்பு, இரண்டு பக்கமும் வெளியேற வழி. கழுதைக்கு அந்த மாதிரி இடம்தான் நிம்மதி. இன்றைக்கு அப்படி அவிழ்த்துவிட முடியாது. கண்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டில் ராத்திரி கழுதையை விடுவது அதைக் கொல்வதற்குச் சமம், மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கும் ஆபத்து.

ஆனால் குட்டிச்சுவரை உங்கள் மனைக்குள் கொண்டுவரலாம். மனையின் நடுவே, நீளவாக்கில், 12 அல்லது 15 அடி நீளத்துக்கு ஒரு தடுப்பு போடுங்கள். சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் அடித்தாலும் போதும், ஐந்தடி உயரம் இருக்கட்டும். தகரத்தின் ஓரம் கிழிக்காமல் மடித்துவிட வேண்டும். இரண்டு முனையும் திறந்தே இருக்க வேண்டும், எந்தச் சுவரோடும் சேரக் கூடாது. ஓடுகிறவன் அதைச் சுற்றி வந்துகொண்டே இருக்கலாம், மறுபக்கம் போனால் கண்ணில் படமாட்டான். கண்ணில் படாவிட்டால் துரத்துகிற வேகம் பாதி இறங்கிவிடும். மனையின் நாலு மூலையையும் மூடிவிடுங்கள். பழைய லாரி டயர் உங்கள் பக்கத்தில் கிடைக்காத பொருள் இல்லை. மூலைக்கு மூலை டயர்களைக் குறுக்காக அடுக்கி மண் நிரப்பினால் மூலை வளைவாகிவிடும், யாரும் போய் முட்டி மாட்டிக்கொள்ள மாட்டார்கள். செலவு குறைவு, பலன் அதிகம். காயடிக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

தீனியும் அப்படித்தான். மூன்று கழுதை என்றால் வைக்கோலை நாலு இடத்தில் போடுங்கள், ஒன்றுக்கொன்று இரண்டு கழுதை நீளமாவது இடைவெளி விட்டு. ஒருவன் விரட்டப்பட்டாலும் நாலாவது இடம் அவனுக்குக் காலியாக இருக்கும். தண்ணீர்த் தொட்டி இரண்டு, எதிரெதிர் பக்கத்தில். பழைய சோறு, டீக்கடை பன், கல்யாண வீட்டு மிச்சம் எல்லாம் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதை நிறுத்துங்கள். கழுதையின் வயிறு காய்ந்த, சத்துக் குறைந்த நார்த்தீனிக்கு ஏற்றது. மாவுத்தீனி அதிகமானால் குளம்புக்குள் அழற்சி வந்து நொண்டும், கொழுப்பு ஏறும், வேலையில்லாத ஆணுக்குத் திமிரும் ஏறும். வைக்கோல், கொஞ்சம் கடலைக்கொடி, தாது உப்புக் கட்டி, இது போதும். தினமும் ஒரு மணி நேரம் நடத்திக் கூட்டிப் போங்கள். விடியற்காலையில் லாரி ஓட்டம் குறைவான நேரமாகப் பார்த்து, ஆளுக்கு ஒன்றாக.

இனி காயடிப்பது. பாட்டியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அம்மா, பாரவண்டி இழுத்த மாடெல்லாம் காயடித்த மாடுதானே? அதற்கு பலம் குறைந்தா போயிற்று? மயக்க மருந்து கொடுத்து, வலி தெரியாமல், மருத்துவர் கையால் செய்வதில் பாவம் எதுவும் இல்லை. மூன்றையும் அடைத்து வைத்து வாரா வாரம் கடிபட விடுவதுதான் என் மனசுக்குப் பெரிய கொடுமை.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் செய்வது எல்லாவற்றிலும் நல்லது. காயம் சீக்கிரம் ஆறும், சண்டைப் பழக்கமும் படிந்திருக்காது. சின்னவன் அந்தக் கெடுவின் கடைசியில் நிற்கிறான். நடுவனுக்கும் நல்ல பலன் இருக்கும். பெரியவன் விஷயத்தில் பொறுமை வேண்டும். ஏழு வருஷப் பழக்கம் அவன் மூளையிலும் இருக்கிறது, விதையில் மட்டும் இல்லை. சுரப்பு குறைந்தாலும் குணம் தணியச் சில மாதங்கள் பிடிக்கும், கொஞ்சம் முரட்டுத்தனம் கடைசிவரை நிற்கவும் கூடும். காயடித்த அன்றே சாதுவாகிவிடுவான் என்று எதிர்பார்த்து மறுநாளே மூன்றையும் ஒன்றாக விட்டுவிடாதீர்கள். இன்னொரு விஷயம், காயடித்த பிறகும் உள்ளே மிச்சமிருக்கும் விந்தணுவால் சில வாரம் பெட்டை சினையாக வாய்ப்பு உண்டு. ஆறு வாரமாவது பெட்டையை அண்ட விடாதீர்கள்.

செய்கிற மருத்துவரிடம் ‘கழுதைக்குச் செய்திருக்கிறீர்களா?’ என்று தயங்காமல் கேளுங்கள். கழுதைக்கு விதைக்குப் போகும் ரத்தக் குழாய் அதன் உருவத்துக்குப் பெரியது. குதிரைக்குச் செய்வதுபோல நசுக்கி வெட்டினால் மட்டும் போதாது, குழாயை நூலால் கட்ட வேண்டும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கையால் செய்த ஒரு கழுதை சாயங்காலம் ரத்தம் நிற்காமல் சரிந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பத் திறந்து கட்டிப் பிழைக்க வைத்தோம், ஆனால் அந்த வீட்டம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. காளைக்கு வெளியிலிருந்து நசுக்குகிற பர்டிசோ கிடுக்கியும் கழுதைக்கு வேண்டாம். இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று முன்பே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று வயிற்றுக்குள் நின்றுவிட்டால், வெளியே உள்ளதை மட்டும் எடுத்தவன் முழு ஆணாகவே நடந்துகொள்வான், சண்டையும் நிற்காது. ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) தடுப்பூசி கட்டாயம், கழுதை, குதிரை இனத்துக்கு அந்த நோய் சீக்கிரம் பிடிக்கும்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இலிருந்து இருக்கிறது, பெரிய விலங்குகளுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு. உங்களுக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். குட்டி யானை வண்டியில் ஏற்றிப் போகலாம். போகும்போது நடுவனையும் சின்னவனையும் ஒன்றாகக் கூட்டிப் போங்கள், அவர்கள் இருவருக்கும் ஒட்டுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். கழுதை தன் கூட்டாளியைப் பிரிந்தால் தீனியை விட்டுவிடும். ஒருவனுக்கு ஊசி போடும்போது மற்றவன் கண்ணெதிரே நிற்கட்டும். பெரியவனுக்கு வேறொரு நாள். மழைக்காலம் முடிந்து தை, மாசியில் வைத்துக்கொள்வது நல்லது, தரை காய்ந்திருக்கும், ஈயும் குறைவு. மறுநாளிலிருந்தே மெதுவாக நடத்த வேண்டும், கட்டிப் போட்டால் வீக்கம் இறங்காது. ரத்தம் சொட்டினால், சொட்டுகளை எண்ண முடிகிற வேகம் என்றால் கொஞ்ச நேரத்தில் நிற்கிறதா என்று பார்க்கலாம். எண்ண முடியாமல் ஒழுகினாலோ, காயத்திலிருந்து ஏதாவது தொங்கினாலோ, அந்த நிமிஷமே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பால் தொழில் என்ன ஆகும் என்று பாட்டி கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி. பெட்டை குட்டி போட்டால்தான் பால், சினைக்காலம் ஏறக்குறைய 12 மாதம், அதற்கு ஓர் ஆண் வேண்டும். ஆனால் அந்த ஆண் உங்கள் மனையில் இருக்க வேண்டியதில்லை. பால் விற்கிற மற்றவர்களைப் பாட்டிக்குத் தெரியாமல் இருக்காது, வேண்டும்போது பெட்டையை அங்கே ஓட்டிப் போகலாம். உங்கள் மூன்றில் இரண்டும் பெரியவனுக்கே பிறந்தவையாக இருக்கலாம் என்பதால் வெளி ஆண் நல்லதும்கூட. காயடிக்காத ஆண் கழுதையை 40 அடி மனையில், வாசலில் பிள்ளைகள் விளையாடுகிற வீட்டில் வைத்துக்கொள்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

விற்பது பற்றி மாமாவிடம் சொல்லுங்கள். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 3.2 லட்சம் கழுதைகள், 2019இல் 1.2 லட்சம். ஏழு வருஷத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் காணாமல் போயின. பொதி சுமக்கிற வேலை போய்விட்டது ஒரு காரணம். தோலுக்கும் இறைச்சிக்கும் திருட்டுத்தனமாக வாங்கிப் போவது இன்னொன்று. நம் உணவுப் பாதுகாப்பு விதிகளில் கழுதை இறைச்சிக்கான விலங்கே கிடையாது, ஆனாலும் நடக்கிறது. கடிக்கிற ஆண் கழுதையை ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றும் ஆறிய பிறகு சேர்க்கிற விதம். தடுப்பைத் தற்காலிகமாக நீட்டி மனையை இரண்டாக்கி, பெரியவனை ஒரு பக்கமும் மற்ற இருவரை மறுபக்கமும் விடுங்கள். முதல் வாரம் இரட்டைத் தடுப்பு, நடுவே மூன்றடி இடைவெளி. பார்க்கலாம், முகரலாம், கடிக்க எட்டாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை இடத்தை மாற்றி விடுங்கள், ஒருவன் சாணத்தில் மற்றவன் நிற்கட்டும். ‘என் எல்லை’ என்ற எண்ணம் அதில் கரையும். பிறகு ஒற்றைத் தடுப்பு. அந்தச் சமயத்தில் இருவர் கயிறு பிடித்துக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் இடம் விட்டு, தெருவில் ஒன்றாக நடத்துங்கள். ஒரே திசையில் ஒன்றாக நடந்து பழகிய கழுதைகளுக்கு நடுவே கோபம் குறைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தடுப்பின் இருபுறமும் நின்று ஒன்றின் பிடரியை ஒன்று பல்லால் சொறிந்துவிட ஆரம்பித்தால் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். காலையில், தீனி தின்ற பிறகு, தலைக்கயிற்றைக் கழற்றிவிட்டுத் திறந்துவிடுங்கள். கயிற்றில் குளம்பு மாட்டினால் கால் போய்விடும். முதல் கால் மணி நேரம் துரத்தல் இருக்கும், குறுக்கே போகாதீர்கள்.

அப்படியும் நிஜச் சண்டை வந்துவிட்டால் நடுவே புகுந்து கயிற்றைப் பிடிக்க வேண்டாம். வெறியில் இருக்கிற ஆண் கழுதைக்கு உங்கள் கையும் மற்றவன் கழுத்தும் ஒன்றுதான். ஒரு தகர டின்னைத் தட்டுங்கள், வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள், பழைய கதவுப் பலகை ஒன்றை முன்னால் பிடித்துக்கொண்டு இரண்டு பேராகத் தள்ளுங்கள். துரத்தப்படுகிறவனுக்குத்தான் முதலில் வழி திறக்க வேண்டும். எல்லாம் செய்தும் பெரியவன் இணங்கவில்லை என்றால், அவனை நிரந்தரமாகத் தடுப்புக்கு மறுபக்கமே வைத்துவிடலாம். மற்ற கழுதைகள் கண்ணில் படுகிற இடமாக இருந்தால் போதும். முற்றிலும் தனியாக ஒதுக்கினால் அவனும் ஏங்கிப்போவான்.

இதெல்லாம் மாதக் கணக்கில் நடக்கிற வேலை. நடுவனின் கழுத்துக் காயத்துக்கு அவ்வளவு நேரம் இல்லை. சுத்தமான உப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வெள்ளையாக ஏதாவது நெளிந்தாலோ, அழுகல் வாடை வந்தாலோ, புழு வைத்துவிட்டது. டர்பன்டைன் ஊற்றாதீர்கள், நல்ல சதையும் வெந்துவிடும். இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், ரணஜன்னி ஊசியையும் கேட்டுப் போட்டுவிடுங்கள். அவன் தீனி எடுக்கவில்லை என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள்.